மறைப்பதும் அருளே: மஞ்சள் ஜாக்கின் பக்கம் நின்று சில வார்த்தைகள்

பழைய வீடியோ கேம் மெஷினைப் புதிய டி.வி.யில் இணைக்க அப்ஸ்கேலர் வாங்கப்போகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "எந்தெந்த இன்புட் இருக்கிறதா பார்த்து வாங்கணும்?" மயிலாடுதுறையில் டி.வி. மெக்கானிக்காக இருந்தவன் நான். பிக்சர் டியூப் செட்டுகள் ரிப்பேருக்கு வருவது நின்றுபோன காலத்தில், சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பழைய கன்சோல்கள் பார்சலில் வர ஆரம்பித்தன. கெப்பாசிட்டர் மாற்றுவது, சால்டர் விட்டுப்போன இடங்களைத் தொடுவது, கேபிள் கட்டிக் கொடுப்பது என்று வேலை அந்தப் பக்கம் திரும்பியது. ஞாயிற்றுக்கிழமைகளில் சைவ சித்தாந்த வகுப்பில் உட்கார்ந்து பாடம் கேட்டவன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மேலே உள்ள கேள்விக்கு நான் தரும் பதில் பாதி பட்டறையில் கிடைத்தது, பாதி அந்த வகுப்பில் கிடைத்தது.

கேட்பவருக்கு அது ஒரு சாமான் வாங்கும் கேள்வி. எனக்கு அதற்குள் இன்னொன்று கேட்கிறது. நமக்கும் நாம் காண விரும்பும் பொருளுக்கும் நடுவில் ஏதாவது ஒன்று நிற்கிறது என்றால், அது தடையா, துணையா? அதை அகற்ற அகற்ற உண்மைக்கு நெருங்குகிறோமா? மெய்கண்டார் காலத்திலிருந்து, அதாவது 13ஆம் நூற்றாண்டிலிருந்து, நம் பக்கத்தில் விடாமல் விவாதிக்கப்படும் கேள்வி இது. அது என் மேசையில் கம்பியும் ஜாக்குமாக வந்து கிடக்கிறது.

அப்ஸ்கேலருக்கு என்ன வேலை என்பதை முதலில் சொல்கிறேன். 1980களிலும் 90களிலும் வந்த கேம் மெஷின்கள் பெரும்பாலும் 240 கோட்டுப் படத்தை நொடிக்கு ஏறக்குறைய 60 முறை அனுப்பின. அமெரிக்க, ஜப்பானிய டி.வி. முறையில் ஒரு முழுப் படத்துக்கு 525 கோடு. அதை ஒற்றைப்படைக் கோடுகள் ஒரு தடவை, இரட்டைப்படைக் கோடுகள் மறு தடவை என்று இரண்டாகப் பிரித்து அனுப்புவது ஒளிபரப்பின் வழக்கம். கேம் மெஷின்கள் அந்த வழக்கத்தை வளைத்து, ஒவ்வொரு தடவையும் அதே கோடுகளின் மேலேயே படத்தை விழவைத்தன. பிக்சர் டியூப் அதை அப்படியே வரைந்தது. இன்றைய டி.வி.கள் பலவற்றுக்கு இந்த ஏற்பாடு தெரியாது. 480 கோட்டுப் படத்தின் பாதி பாதி வருகிறது என்று எடுத்துக்கொண்டு, அடுத்தடுத்த இரண்டு தனிப் படங்களை ஒன்றாகக் கோத்துவிடும். ஒரு ஃப்ரேம் விட்டு ஒரு ஃப்ரேம் மின்னவிட்டு நிழல் காட்டிய கேம்களில், அந்த நிழல் கோடுகோடாக நிற்கும், அல்லது அடியோடு காணாமல் போகும். அப்ஸ்கேலர் அந்த 240 கோட்டை 240 கோடு என்றே அறிந்து வாங்கி, பெரிதாக்கி, ஹெச்.டி.எம்.ஐ. வழியாகக் கொடுக்கும்.

அந்த 240 கோடு எந்தக் கம்பி வழியாக அப்ஸ்கேலருக்குள் நுழைய வேண்டும் என்பதுதான் இன்புட் விவகாரம்.

ஒரு படத்துக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று நிறச் செய்தியும், எந்தக் கோடு எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் சிங்க்கும் வேண்டும். இந்த நான்கையும் தனித்தனிக் கம்பியில் அனுப்பினால் அது ஆர்.ஜி.பி. ஐரோப்பாவில் இதற்கு 21 பின் கொண்ட ஸ்கார்ட் என்ற அகலமான கனெக்டர். பிரெஞ்சு உற்பத்தியாளர் சங்கத்தின் பெயர்ச் சுருக்கம் அது. 1980 முதல் பிரான்சில் விற்ற டி.வி.களில் அது இருந்தாக வேண்டும் என்று சட்டமானது. வெளிச்சத்தை ஒரு கம்பியிலும் நிற வேறுபாடுகளை இரண்டு கம்பியிலும் அனுப்பினால் காம்போனென்ட், டி.வி.டி. பிளேயர் பின்னால் நாம் பார்த்த பச்சை, நீலம், சிவப்பு ஜாக்குகள். வெளிச்சம் ஒரு கம்பி, நிறம் முழுவதும் ஒரு கம்பி என்றால் எஸ்-வீடியோ; 1987இல் ஜே.வி.சி.யின் எஸ்-வி.ஹெச்.எஸ். டெக்குகளோடு பரவியது. வெளிச்சம், நிறம், சிங்க் எல்லாவற்றையும் ஒரே கம்பியில் ஏற்றினால் காம்போசிட், நம் ஊர் ஏ.வி. கேபிளின் மஞ்சள் ஜாக். அதையும் ஒலியோடு சேர்த்து ஆண்டெனா சாக்கெட்டுக்குள் அனுப்பினால் ஆர்.எஃப்.

விஷயம் தெரிந்தவர்கள் சொல்லும் விதி எளிமையானது. சேர்த்துக் கட்டியதைப் பிரிக்கும்போது ஏதாவது கெடும். ஆகவே எவ்வளவு பிரித்து அனுப்ப முடியுமோ அவ்வளவு பிரித்து அனுப்பு. ஆர்.ஜி.பி. உச்சி, ஆர்.எஃப். அடி. மெக்கானிக்காக இதில் எனக்கு மறுப்பில்லை. காம்போசிட்டில் நிறம் ஏறுவது நொடிக்குச் சுமார் 35.8 லட்சம் தடவை அலையும் ஒரு துணை அலையில். அமெரிக்காவில் 1953இல் கறுப்பு வெள்ளை செட் வைத்திருந்தவர்களும் அதே ஒளிபரப்பைப் பார்க்கட்டும் என்று, ஏற்கெனவே இருந்த வெளிச்சச் செய்தியின் நடுவே நிறத்தைச் செருகிய ஏற்பாடு அது. டி.வி. அதைத் திரும்பப் பிரிக்கும்போது வெளிச்சத்தின் நுட்பமான விவரம் கொஞ்சம் நிறமாகத் தவறிப் படிக்கப்படும். நிறத்தில் கொஞ்சம் புள்ளிப் புள்ளியாக ஊரும்.

இந்த விதியை முழுதாக ஏற்று வடிவமைக்கப்பட்ட கருவியும் உண்டு. ஃபின்லாந்துக்காரர் மார்கஸ் ஹியென்காரி உருவாக்கிய ஓ.எஸ்.எஸ்.சி.யின் பரவலான மாடலில் மூன்று இன்புட்: ஸ்கார்ட், காம்போனென்ட், வி.ஜி.ஏ. காம்போசிட்டும் கிடையாது, எஸ்-வீடியோவும் கிடையாது. வரைபடம் முதல் மென்பொருள் வரை எல்லாவற்றையும் உலகுக்குத் திறந்து கொடுத்த உயர்ந்த வேலை அது. படத்தைத் தேக்கி வைக்காமல் கோடு வந்த கையோடு பெருக்கி அனுப்புவதால், கையில் பட்டனை அழுத்துவதற்கும் திரையில் பாத்திரம் குதிப்பதற்கும் நடுவே தாமதம் என்று சொல்லத்தக்கது எதுவும் சேராது. இன்னொரு பக்கம், அமெரிக்காவின் மைக் சீ 2021இல் கொண்டுவந்த ரெட்ரோடிங்க் 5எக்ஸ் ப்ரோவில் ஸ்கார்ட், காம்போனென்ட், எஸ்-வீடியோ, காம்போசிட் எல்லாமே உண்டு. அதற்கு முன்பு பலரும் தேடி வாங்கிய, ஜப்பானின் மைகாம்சாஃப்ட் தயாரித்த ஃப்ரேம்மைஸ்டரிலும் மஞ்சளுக்கு இடம் இருந்தது.

ஒரு தம்பி போனில் கேட்டார்: "அண்ணே, மஞ்சள் ஜாக் இல்லாத மெஷினையே வாங்கிடலாமா? மட்டமான சிக்னலுக்கு எதுக்கு ஒரு வாசல்?"

"உங்ககிட்ட என்ன கன்சோல் இருக்கு, தம்பி?"

"மெகா டிரைவ், ஜப்பான் மாடல். அப்புறம் ஒரு ஃபாமிகாம்."

"அப்ப அந்த வாசல் வேணும்" என்றேன். ஏன் என்று அன்று போனில் முழுதாகச் சொல்ல நேரமில்லை. இங்கே சொல்கிறேன்.

மெகா டிரைவை எடுத்துக்கொள்வோம். 1988இல் செகா ஜப்பானில் வெளியிட்டது. முதல் மாடலின் பின்னால் எட்டு பின் கொண்ட வட்டமான சாக்கெட் ஒன்று. அதற்குள் ஆர்.ஜி.பி.யும் வருகிறது, காம்போசிட்டும் வருகிறது, இரண்டும் எப்போதும் சேர்ந்தே வருகின்றன. எந்தக் கேபிள் சொருகுகிறோமோ அது தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும். உள்ளே படத்தைச் செய்யும் சிப் ஆர்.ஜி.பி.யாகத்தான் கொடுக்கிறது. பக்கத்தில் சோனியின் என்கோடர் ஐ.சி. ஒன்று அந்த மூன்றையும் வாங்கிக் காம்போசிட்டாகக் கட்டுகிறது. ஆகவே இந்த மெஷினில் எது மூலம், எது அதிலிருந்து வந்தது என்பதில் சந்தேகமே இல்லை. ஆர்.ஜி.பி. மூலம்.

1991இல் வந்த 'சோனிக் தி ஹெட்ஜ்ஹாக்' கேமை அதில் போட்டு, முதல் கட்டத்தின் அருவி முன்னால் நிறுத்துங்கள். ஆர்.ஜி.பி. கேபிளில் பார்த்தால் அருவி இல்லை. ஒரு புள்ளி அகலத்தில் செங்குத்துக் கோடுகள், நடுநடுவே ஒரு புள்ளி அகலத்தில் வெற்றிடம். அந்த இடைவெளியில் பின்னணி துல்லியமாகத் தெரிகிறது. கம்பிக் கதவு ஒன்றைப் பார்க்கிறோம். கேபிளைக் கழற்றி மஞ்சளைச் சொருகுங்கள். கோடுகள் கரைகின்றன. வெள்ளமும் அதற்குப் பின்னால் இருப்பதும் ஒன்றோடொன்று கலந்து, நீர் நீராகிறது. மேலே லேசாக வானவில் நிறம் ஓடுகிறது.

இது எப்படி நடக்கிறது என்பதைக் கணக்கால் காட்டலாம். இந்த கேமில் மெகா டிரைவ் ஒரு கோட்டுக்கு 320 புள்ளி வரைகிறது. நொடிக்கு 67 லட்சம் புள்ளி. ஒரு புள்ளி உண்டு, அடுத்த புள்ளி இல்லை என்று மாறி மாறி வரைந்தால் அந்த மாற்றம் நொடிக்கு 33.5 லட்சம் தடவை நிகழும். நிறம் ஏறும் துணை அலையோ 35.8 லட்சம். இரண்டும் அடுத்தடுத்த வீடு. டி.வி.யின் ஃபில்டர் நிறத்தைப் பிரித்தெடுக்கும்போது அந்தக் கோடுகளையும் சேர்த்து வெளிச்சத்திலிருந்து வழித்து எடுத்துவிடுகிறது. வழித்ததில் ஒரு பகுதியை நிறமென்று படித்து வானவில்லாகப் போடுகிறது. மெகா டிரைவில் ஒரு படத்தின்மேல் இன்னொன்றைக் கண்ணாடிபோலக் கலந்து காட்டும் வசதி கிடையாது. ஓவியர் கையில் இருந்தவை புள்ளிகள் மட்டுமே. அந்தப் புள்ளிகளுக்கு நடுவே இருந்த வெற்றிடத்தை நீராக்கியது மஞ்சள் கம்பி.

இதை செகாவின் விசேஷம் என்று ஒதுக்க முடியாது. சூப்பர் ஃபாமிகாமில் 1997இல் அமெரிக்காவில் வந்த 'கெர்பிஸ் டிரீம் லேண்ட் 3' ஒரு கோட்டை 512 பங்காக்கி, ஒரு பங்கில் ஒரு படம், அடுத்த பங்கில் இன்னொரு படம் என்று மாற்றி வைத்துக் கலப்பைக் காட்டுகிறது. பிளேஸ்டேஷன் நிறங்களைக் குறைத்து எழுதும்போது புள்ளி வலை ஒன்றைத் தூவுகிறது. காம்போசிட்டில் அது மென்மையான நிழலாகும், ஆர்.ஜி.பி.யில் வலை வலையாகவே நிற்கும்.

சித்தாந்தம் இறைவனுக்கு ஐந்து தொழில் சொல்கிறது: படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல். எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள சிதம்பரத்துக் கூத்தன் திருமேனியிலேயே அவற்றைக் காட்டுவார்கள். உடுக்கை படைத்தல், அமைந்த கை காத்தல், தீ அழித்தல், தூக்கிய திருவடி அருளல். மறைத்தல் எங்கே? ஊன்றிய திருவடியில். முழு உருவமும் எந்தக் காலின் மேல் நிற்கிறதோ அந்தக் கால் மறைத்தல். வகுப்பில் இதைக் கேட்ட அன்று என் மனதில் விழுந்தது இன்றுவரை எழவில்லை. மறைத்தலை இறைவனின் குறையாகவோ கோபமாகவோ சித்தாந்தம் சொல்லவில்லை. பக்குவப்படாத உயிர் உலகத்தில் ஈடுபட்டு, அனுபவித்து, வினையைக் கழித்துப் பக்குவம் அடைவதற்காகத் தன்னை மறைத்து நிற்கிறான். அதுவும் அருளின் செயல்தான் என்கிறது.

மஞ்சள் கம்பி கோடுகளை மறைக்கிறது. மறைத்ததால்தான் நீர் தெரிந்தது. கோடுகளை எல்லாம் ஒன்று விடாமல் காட்டிய கம்பி நீரைக் காட்டவில்லை.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு உண்டு. "காம்போசிட்டில் வந்த எல்லாக் குறையையும் இப்படிப் புகழ முடியுமா? ஓவியர் கையில் இருந்த தரவுதான் அசல். அந்தக் காலத்து மலிவான கம்பி அதைச் சிதைத்தது. சிதைந்ததையே பார்த்துப் பழகியதால் அதை அழகென்கிறோம்." இப்படிச் சொல்பவர்கள் பக்கம் வலுவான சாட்சிகளும் இருக்கின்றன. ஆர்கேட் மெஷின்கள் ஒரு சாட்சி. 1991இல் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் II' ஓடிய போர்டு தன் மானிட்டருக்கு நேராக ஆர்.ஜி.பி.யைத்தான் அனுப்பியது. அந்தப் படத்தைக் காம்போசிட்டாக்கிப் பார்ப்பது அதைக் கெடுப்பதுதான். பக்கம் பக்கமாக எழுத்து வரும் கதை விளையாட்டுகள் இன்னொரு சாட்சி, அங்கே ஆர்.ஜி.பி. தரும் தெளிவு கண்ணுக்குச் செய்யும் உதவி. பிரான்சில் ஸ்கார்ட் இருந்ததால், சோனிக்கின் அருவியைக் கோடாகவே பார்த்து வளர்ந்த பிள்ளைகளும் இருந்திருப்பார்கள். அவர்கள் கண்டதைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் இந்த மறுப்பு ஒன்றைக் கேட்காமலேயே எடுத்துக்கொள்கிறது: எந்த மெஷினுக்கும் உள்ளே ஒரு மாசற்ற மூலம் இருக்கிறது, வெளியே வருவதெல்லாம் அதன்மேல் படிந்த அழுக்கு என்பதை. மெகா டிரைவில் அப்படி ஒரு மூலமாவது உண்டு. அந்தத் தம்பியின் இன்னொரு மெஷின், 1983இல் நின்டெண்டோ வெளியிட்ட ஃபாமிகாம், இந்த நினைப்பையே அடியோடு அசைக்கிறது.

ஃபாமிகாமில் படம் செய்யும் சிப்புக்குள் எங்கேயும் ஆர்.ஜி.பி. கிடையாது. சிப்பின் ஒரே காலில் நேராகக் காம்போசிட்தான் வருகிறது. நீலம் வேண்டுமென்றால் சிப் நீலம் என்று எதையும் எழுதுவதில்லை. துணை அலையின் வேகத்தில் ஒரு சதுர அலையை, பன்னிரண்டு கட்டங்களில் ஏதோ ஒன்றில் கொஞ்சம் முன்னே பின்னே தள்ளிப் போடுகிறது. அவ்வளவுதான். ஒவ்வொரு கோட்டின் தொடக்கத்திலும் வரும் அடையாள அலையோடு ஒப்பிட்டு, "இவ்வளவு தள்ளியிருக்கிறது, ஆகவே இது நீலம்" என்று படிப்பது டி.வி. அமெரிக்க செட்டுகளில் டின்ட் என்று ஒரு திருகு உண்டு. அதைக் கொஞ்சம் திருகினால் வானம் ஊதாவுக்குப் போகும். ஃபாமிகாமின் வானம் சரியாக என்ன நிறம் என்று எமுலேட்டர் எழுதுபவர்கள் ஆளுக்கு ஒரு நிறப் பட்டியல் வைத்திருக்கிறார்கள். அவர்களில் யாரும் பிழைபட்டவர் இல்லை. சிப்புக்குள் போய்ப் பார்த்துத் தீர்த்துக்கொள்ள அங்கே நிறம் என்று ஒன்று இல்லை.

ஃபாமிகாமிலிருந்தும் ஆர்.ஜி.பி. எடுக்க வழி இருக்கிறது. டிம் வொர்திங்டன் வடிவமைத்த என்.இ.எஸ். ஆர்.ஜி.பி. போர்டைப் பொருத்தினால் மிகத் தெளிவான படம் வரும். நானும் பொருத்திக் கொடுத்திருக்கிறேன். அந்தப் போர்டிலேயே நிறப் பட்டியலைத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு இருக்கிறது. யோசித்துப் பாருங்கள்: இடையில் நிற்பதை எல்லாம் நீக்கி மூலத்துக்குப் போகிறோம் என்று போன இடத்தில், "எந்த நிறம் வேண்டும்?" என்று நம்மையே கேட்கிறது. மூலத்தைக் கண்டெடுத்தோம் என்று அதைச் சொல்ல முடியாது; புதிதாக ஒன்றை வகுத்துக்கொண்டோம். ஃபாமிகாமின் வெளிநாட்டு வடிவம்தான் என்.இ.எஸ். பிரான்சில் விற்ற என்.இ.எஸ்.ஸின் கதை இன்னும் ஒரு படி மேல். அங்கே அதை ஆர்.ஜி.பி. ஸ்கார்ட் கேபிளோடு விற்றார்கள். உள்ளே இருந்ததோ, காம்போசிட்டை வாங்கி ஆர்.ஜி.பி.யாக மாற்றும் ஒரு சர்க்யூட். உயர்ந்த வாசல் வழியாக வந்தது, ஏற்கெனவே கலந்து முடிந்த அதே படம்.

1977இல் வந்த ஆப்பிள் II இதைவிடத் தீவிரம். ஸ்டீவ் வாஸ்னியாக் வடிவமைத்த அந்தக் கணினியின் உயர்தெளிவுப் படத்தில் நினைவகத்தில் இருப்பது பெரும்பாலும் புள்ளி உண்டு, புள்ளி இல்லை என்பது மட்டும். அந்தப் புள்ளிகள் காம்போசிட் கம்பியில் ஓடும்போது அவற்றின் இடைவெளி துணை அலையோடு பொருந்துகிறது, டி.வி. அதை ஊதாவாகவும் பச்சையாகவும் ஆரஞ்சாகவும் நீலமாகவும் படிக்கிறது. கலப்பை நீக்கிப் பார்த்தால் நிறமே போய்விடும்.

இனி சித்தாந்த வகுப்பில் நான் திரும்பத் திரும்பக் கேட்ட விவாதத்துக்கு வருகிறேன். அத்வைதம் மாயையை உண்டு என்றும் சொல்ல முடியாதது, இல்லை என்றும் சொல்ல முடியாதது என்கிறது. ஞானம் வந்ததும் அது விலகும், எஞ்சுவது ஒன்றே. மிக ஆழமான தரிசனம். அதை இங்கே எதிர்த்து வழக்காட நான் வரவில்லை. சித்தாந்தம் வேறு வழி போகிறது. மாயை உள்பொருள். உடம்பு, கருவிகள், உலகம், அனுபவிக்கும் பொருள்கள் (தனு, கரணம், புவனம், போகம்) எல்லாம் மாயையிலிருந்து உயிருக்காகச் செய்து தரப்பட்டவை. பொழுது விடியும்வரை ஏற்றி வைத்த விளக்கு என்று ஆசிரியர்கள் விளக்குவார்கள். விளக்கு சூரியன் அல்லதான். அது கொடுக்கும் வெளிச்சத்துக்கு எல்லை உண்டு. அதற்காக விளக்கை இருட்டின் பக்கம் சேர்த்து எண்ணக் கூடாது.

இருட்டு என்பது வேறு. அதை ஆணவ மலம் என்பார்கள். 14ஆம் நூற்றாண்டில் உமாபதி சிவம் எழுதிய திருவருட்பயன் இதில் ஒரு நுட்பமான வேறுபாடு செய்கிறது. சாதாரண இருள் பொருளை மறைக்கும், ஆனால் 'நான் இருக்கிறேன்' என்று தன்னையாவது காட்டிக்கொள்ளும். ஆணவமோ பொருளையும் மறைத்து, மறைக்கிறது என்பதையும் மறைத்துவிடும். இந்த வேறுபாடு கையில் இருந்தால் என் மேசையில் கிடக்கும் மறைப்புகளை இரண்டாகப் பிரித்துவிடலாம். 240 கோட்டை 480 என்று தவறாகப் படித்து நிழலை விழுங்கும் புதிய டி.வி., தான் விழுங்கியதைச் சொல்வதில்லை. பார்ப்பவர் அந்த கேமில் நிழலே கிடையாது போலும் என்று போய்விடுவார். ஷீல்டு இல்லாத மலிவு ஸ்கார்ட் கேபிளில் ஒலிக் கம்பிக்குள் படத்தின் இரைச்சல் புகுந்துவிடும். கேம் இசையே இப்படித்தான் என்று கேட்பவர் நினைப்பார். இவை ஒன்றையும் காட்டாத மறைப்புகள். இவற்றை நீக்கத்தான் அப்ஸ்கேலர், இவற்றை நீக்கத்தான் நல்ல கேபிள். காம்போசிட்டின் மறைப்பு அந்த வகை இல்லை. அது ஒன்றை மறைத்து ஒன்றைக் காட்டுகிறது. தான் நடுவில் இருப்பதை வானவில்லாலும் ஊரும் புள்ளிகளாலும் ஒளிக்காமல் சொல்கிறது.

பொருள் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கும் இதில் விடை கிடைக்கிறது. கண் தானாகக் காண்பதில்லை, உயிர் உடன் நின்று காட்டினால்தான் கண்ணுக்குக் காட்சி. அதேபோல் உயிருக்கும் உடன் நின்று காட்டுபவன் ஒருவன் வேண்டும் என்பது மெய்கண்டாரின் சிவஞானபோதத்தின் போக்கு. காட்சி என்பது ஒரு முனையில் கிடக்கும் சரக்கு இல்லை. காண்பவன், கருவி, காணப்படும் பொருள், காட்டுபவன் எல்லாரும் கூடும்போது நிகழ்வது. ஃபாமிகாமின் நீலம் சிப்பிலும் இல்லை, திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த குழந்தையின் மனதில் மட்டும் தோன்றிய கற்பனையும் இல்லை. சிப் அலையைத் தள்ளியது, கம்பி சுமந்தது, டி.வி. படித்தது, குழந்தை கண்டது. அந்த நால்வரில் ஒருவரை வெளியே தள்ளிவிட்டு மீதியை அசல் என்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

ஆகவே இன்புட் தேர்வு எனக்கு ஒரு கடமைக் கேள்வி. இந்தப் படத்தைச் செய்தவர்களும் பார்த்தவர்களும் எந்த வழியில் சந்தித்தார்களோ, அந்த வழியைத் திறந்து வைக்க வேண்டும். அதைக் கேட்டுவிட்டால் விடைகள் தாமாக வரும். ஆர்கேட் போர்டு வைத்திருப்பவருக்கு ஆர்.ஜி.பி. உள்ள கருவியே போதும், ஓ.எஸ்.எஸ்.சி. அவருக்குத் தகும். டிரீம்காஸ்ட் வைத்திருப்பவர் வி.ஜி.ஏ. இன்புட்டைத் தேட வேண்டும், அந்த மெஷின் 480 கோட்டை முழுசாக அந்த வழியில்தான் தரும். பிளேஸ்டேஷன் 2க்கும் நின்டெண்டோ வீ-க்கும் காம்போனென்ட். நின்டெண்டோ 64இல் எஸ்-வீடியோ வாங்கிக்கொள்ளுங்கள். அமெரிக்க, ஜப்பானிய மாடல்களில் மெஷினைத் திறந்து வேலை செய்யாமல் ஆர்.ஜி.பி. வராது. மெகா டிரைவுக்கு ஆர்.ஜி.பி.யும் காம்போசிட்டும் இரண்டுமே. ஃபாமிகாம், ஆப்பிள் II என்றால் மஞ்சள் ஜாக் இல்லாத கருவி பக்கமே போகாதீர்கள். 90களில் நம் கடைகளில் விற்ற ஃபாமிகாம் நகல்களில் சில ஆர்.எஃப். மட்டுமே தரும். அவற்றுக்குப் பழைய வி.சி.ஆர். ஒன்றின் ஆண்டெனா சாக்கெட்டில் சொருகி, அதன் மஞ்சள் ஜாக்கிலிருந்து எடுத்து அப்ஸ்கேலருக்குக் கொடுக்கலாம். பரணில் வி.சி.ஆர். இருந்தால் காயலான் கடைக்குப் போடாதீர்கள்.

வாசல் ஒன்றுபோல் இருப்பதாலேயே உள்ளே இருப்பது ஒன்று என்று நம்ப வேண்டாம் என்பதையும் வாங்குபவர்களிடம் அழுத்திச் சொல்வேன். ஜப்பானில் ஸ்கார்ட்டைப் போலவே 21 பின் கொண்ட ஆர்.ஜி.பி. கனெக்டர் உண்டு. அச்சு அசலாக அதே உருவம், சொருகினால் சுலபமாகப் போகும், ஆனால் உள்ளே கம்பிகளின் வரிசை வேறு. ஒன்றின் கேபிளை மற்றொன்றில் சொருகினால் போகக் கூடாத வோல்ட்டேஜ் போகக் கூடாத இடத்துக்குப் போய்க் கருவியைக் கெடுக்கலாம். சிங்க் கம்பியிலும் அப்படித்தான். சில கேபிள்கள் அதைப் பல வோல்ட் உயரத்தில் அனுப்பும்; 75 ஓம் முனையில் ஒரு வோல்ட்டுக்கும் குறைவாக எதிர்பார்க்கும் அப்ஸ்கேலர் அதைத் தாங்க வேண்டிய அவசியம் இல்லை. வாங்கும்போதே எந்த மெஷினுக்கு, எந்த சிங்க் முறையில் கட்டிய கேபிள் என்று கேட்டு வாங்குங்கள். மல்டிமீட்டர் வைத்து ஒரு தடவை பின் பின்னாகப் பார்த்துவிடுவது மேல்.

எந்த அப்ஸ்கேலரும் கொண்டுவர முடியாதவையும் உண்டு. நின்டெண்டோவின் 'டக் ஹன்ட்' துப்பாக்கி பிக்சர் டியூப் வரையும் நேரத்தையும் அதன் துடிப்பையும் நம்பி வேலை செய்வது. நேரம் தள்ளி ஒளிரும் எல்.இ.டி. திரையில் வாத்து விழாது. எவ்வளவு நல்ல இன்புட் இருந்தாலும் அந்தச் சந்திப்பைத் திரும்ப நிகழ்த்த பிக்சர் டியூப் வேண்டும். அதனால்தான் வேலை செய்யும் பழைய செட்டை உடைக்கச் சொல்லிக் கேட்பவர்களிடம் நான் மன்றாடுகிறேன்.

சித்தாந்தத்தின் முத்தியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அங்கேகூட எதுவும் அழிந்து போவதில்லை. இறைவன் இருக்கிறான், உயிர் இருக்கிறது, மலமும் இருக்கிறது. அதன் வலிமை மட்டும் அடங்கிக் கிடக்கிறது. மேலான நிலை என்பது கீழே உள்ளவற்றை இல்லாமல் செய்துவிட்டு வருவது என்று அந்த மரபு கருதவில்லை. ஆர்.ஜி.பி.யின் தெளிவை அடைந்தவர் காம்போசிட்டை வெறுக்க வேண்டியதில்லை. இரண்டையும் ஒரே கருவியில் வைத்து, அருவி வரும் இடத்தில் மஞ்சளுக்கு மாற்றி, கதை படிக்கும் இடத்தில் ஸ்கார்ட்டுக்கு மாற்றிப் பார்க்கலாம். மாற்றிப் பார்ப்பவருக்கே தெரியும், எது எப்போது காட்டுகிறது, எது எப்போது மறைக்கிறது என்று. ஒரே வாசல் உள்ளவருக்கு அந்த அறிவு கிடைக்காது. தான் காண்பதே எல்லாம் என்று இருந்துவிடுவார்.

அந்தத் தம்பிக்கும், இதைப் படிக்கும் உங்களுக்கும் என் பதில் இதுதான். பணம் இருந்தால் எல்லா இன்புட்டும் உள்ளதை வாங்குங்கள். ஒன்றுதான் முடியும் என்றால், விலைப்பட்டியலில் எது உச்சியில் இருக்கிறது என்று பார்க்காமல், உங்கள் மெஷின் எந்த வழியாக உலகத்துக்கு வந்தது என்று கேட்டு அதை வாங்குங்கள். மஞ்சள் ஜாக்கைக் கழிவுச் சாமான் என்று யாராவது சொன்னால், சோனிக்கை அருவிக்கு முன்னால் நிறுத்தி இரண்டு கேபிளையும் மாற்றி மாற்றிச் சொருகிக் காட்டுங்கள். வாதம் அதற்கு மேல் தேவைப்படாது.